ஒரே திசையில் சுற்றுகின்றன

இரண்டும் ஒரே திசையில்தானே சுற்றுகின்றன, அப்புறம் என்ன என்று கேட்கிறார் டி.இ. போனில் அவர் குரல் எப்போதும் இப்படித்தான், மிட்டாய் கொடுத்துவிட்டுக் கையை விடாமல் பிடித்துக்கொள்கிற மாதிரி. டிவிஷனல் இன்ஜினியர் நம்பிராஜன் சார் கோட்டத்துக்கே பெரியவர். நான் இந்த வேலங்குளம் துணை மின்நிலையம் ஒன்றுக்கு மட்டும் உதவிப் பொறியாளர். ஜன்னலுக்கு வெளியே பந்தல் போட்டு முடித்துவிட்டார்கள், வாழைமரம் கட்டுகிறவன் ஏணியில் நின்றுகொண்டு கீழே இருக்கிறவனைத் திட்டுகிறான், மைக்கில் யாரோ ஊதிப் பார்க்கிறார்கள், ஒவ்வொரு ஊதலும் என் பின்மண்டையில் வந்து விழுகிறது. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்கு முன்னால் சீஃப் இன்ஜினியர் வந்து ரிப்பன் வெட்டி, ஊருக்கு வந்திருக்கும் இரண்டாவது லைனைப் பழைய லைனோடு சேர்த்துவிட வேண்டும். ஒரு விளக்குகூடச் சிமிட்டக் கூடாது. "மோட்டார் போட்டுப் பாத்தாச்சில்ல மேடம், நேரா சுத்துது, தண்ணி வருது. நீங்களும்தான் கூட நின்னு பாத்தீங்க." பார்த்தேன். புது லைனிலிருந்து பம்ப் மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தார்கள், மோட்டார் சரியான பக்கம் சுற்றியது, குழாயில் தண்ணீர் வந்தது, கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் அந்தத் தண்ணீரிலேயே முகம் கழுவிக்கொண்டு, "இனிமே என்ன மேடம், மாலை மாத்திட வேண்டியதுதான்" என்று சிரித்தான். என் கழுத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான், நான் புருஷனைப் பிரிந்திருப்பது ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. "சார், ஸ்டிக் எடுத்துட்டு ஜீப் கிளம்பிடுச்சு. அளந்து பாத்துட்டுச் சேத்துடலாம் சார்." "ஸ்டிக் வந்து சேர பன்னெண்டு ஆயிடும்மா." மேடம் போய் அம்மா வந்துவிட்டது, அடுத்து பெயர் வரும். "சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க பகவதி. ஒரு வார்த்தை." வந்துவிட்டது. "ஜீப் வந்ததும் கூப்பிடறேன் சார்" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகும் கை போனின் மேலேயே இருக்கிறது, அது மறுபடி அடிப்பதற்குள் நான் ஏதோ ஒன்றை யோசித்து முடித்துவிட வேண்டும் என்பது போல.

அந்த ஒரு வார்த்தையைத்தான் இந்த அறையில் சொல்லக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சொல்லிக்கொடுப்பது அது. லைனை நிறுத்து, லைனைப் போடு என்று போனில் உத்தரவு வந்தால் அதைக் கேட்டவன் சரி என்று சொல்லக் கூடாது. கேட்டதை முழுதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும், எந்த லைன், எந்த பிரேக்கர், போடவா எடுக்கவா எல்லாவற்றையும், சொன்னவன் ஆமாம் என்ற பிறகுதான் கை அசைய வேண்டும். ஏனென்றால் சரி என்கிறவன் எதைக் கேட்டுச் சரி என்கிறான் என்று எதிர்ப்பக்கம் தெரியாது, அவன் காதில் விழுந்தது வேறாகவும் இருக்கலாம், மேலே கம்பத்தில் ஒருவன் ஏறியிருக்கலாம். நல்ல விதி. ஆனால் அது நாக்கில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டது. சாயங்காலம் வெண்டைக்காய் வாங்கிட்டு வா என்பார் என் கணவர், சாயங்காலம் வெண்டைக்காய் என்பேன் நான். கல்யாணமான புதிதில் விழுந்து விழுந்து சிரித்தார். தங்கச்சி வளைகாப்புக்கு ரெண்டு நாள் லீவு சொல்லிரு என்பார், தங்கச்சி வளைகாப்புக்கு ரெண்டு நாள் லீவு. அத்தையும் சிரித்தார்கள், வந்தவர்களிடம் சொல்லிக் காட்டிச் சிரித்தார்கள். பிறகு எப்போது சிரிப்பு நின்றது? ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு, "நான் என்ன ஆபரேட்டரா? சரின்னு சொல்லத் தெரியாதா உனக்கு? ஒரு மனுஷி மாதிரி?" என்றார். அன்றைக்கு என்ன கேட்டிருந்தார் என்று நினைவில்லை, ரசம் கீழே வழிந்தது நினைவிருக்கிறது, நான் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. சிவதாணு என்று யாரிடம் சொன்னாலும் நல்ல பையன் என்பார்கள், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நாகர்கோவிலில் பாதிப் பேருக்கு அவரிடம் படித்த பிள்ளை இருக்கும். இன்றைக்குச் சாயங்காலம் அவரை அழைத்துக்கொண்டு மாமா வருகிறார், என் அம்மாவின் தம்பி, எங்களைச் சேர்த்து வைப்பதற்கு. சேர்த்து வைப்பது. அந்தச் சொல்லைக் காலையில் மாமா போனில் சொன்னபோது நான் இந்த மேஜையில்தான் இருந்தேன், எதிரே பலகையில் இரண்டு லைனுக்கும் படம் போட்டிருக்கிறது, பழையதற்குக் கறுப்பு, புதியதற்குப் பச்சை, நடுவில் ஒரு திறந்த கட்டம். மனசு எதையும் சும்மா விடாது, பக்கத்தில் கிடப்பதை எடுத்து உரசிப் பார்க்கும்.

போன் அடிக்கிறது. இல்லை, அது மைக்கில் யாரோ போன் மணி மாதிரி ஏதோ பாட்டுப் போட்டுவிட்டார்கள். மின்சாரம் மூன்று கம்பிகளில் வருகிறது, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பெயர். எனக்கு அவை எப்போதும் வட்டமாக ஓடுகிற மூன்று பிள்ளைகள். சிவப்புக்குப் பின்னால் மஞ்சள், மஞ்சளுக்குப் பின்னால் நீலம், நீலத்துக்குப் பின்னால் மறுபடி சிவப்பு, நிற்காத ஓட்டம். பழைய லைனில் மூன்று பேர், புது லைனில் மூன்று பேர். இரண்டு வட்டத்தையும் சேர்க்கும்போது சிவப்பின் கையைச் சிவப்பு பிடிக்க வேண்டும், மஞ்சளின் கையை மஞ்சள், நீலத்தை நீலம். கேபிளை இணைத்தவன் இரண்டு முனைகளை மட்டும் மாற்றிப் பொருத்தியிருந்தால் ஓட்டம் தலைகீழாகிவிடும், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றி உடனே காட்டிக்கொடுக்கும். மூன்றையும் ஒவ்வோர் இடம் தள்ளிப் பொருத்தியிருந்தால்? சிவப்பின் இடத்தில் மஞ்சள், மஞ்சளின் இடத்தில் நீலம், நீலத்தின் இடத்தில் சிவப்பு. அப்போதும் ஓடுகிற வரிசை அதேதான். மோட்டார் சரியாகவே சுற்றும், தண்ணீர் வரும், முகம் கழுவலாம். தப்பு சின்னதாக இருந்தால் தெரிந்துவிடும், முழுசாக இருந்தால்தான் மறைந்துகொள்ளும். அது வெளியே வருவது சேர்க்கிற அந்த நொடியில்தான். சிவப்பென்று நினைத்து மஞ்சளின் கையைப் பிடித்தால் இரண்டு லைனின் பலமும் அந்தப் பிரேக்கருக்குள் மோதும், பீங்கான் சிதறும், எண்ணெய்க் கொப்பரையில் தண்ணீர் விழுந்தது போல நெருப்பு எழும். பொத்தானை இங்கிருந்து அழுத்தும் ஏற்பாடு இன்னும் முடியவில்லை. ஆள் ஒருவர் பிரேக்கரின் காலடியில், அந்தப் பெட்டியின் முன்னால் நின்றுதான் போட வேண்டும். இன்றைக்கு அந்த ஆள் ஆபரேட்டர் சகாயராஜ்.

ஸ்டிக் என்பது இரண்டு நீளக் கோல்கள், நடுவில் ஒரு முள். பிரேக்கரின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்தால், இரண்டும் ஒரே பெயருள்ள கம்பியா இல்லையா என்று முள் சொல்லிவிடும். அவ்வளவுதான் நான் கேட்டது. இல்லையென்றால் ஊரை ஒரு நிமிடம் இருட்டாக்கி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாம், சேர்க்கவே வேண்டாம், யாருக்கும் ஆபத்தில்லை என்றும் காலையிலேயே சொன்னேன். "சீஃப் வந்து நிக்கறப்ப கரண்ட் போச்சுன்னா அது திறப்பு விழாவா துக்க வீடாம்மா?" என்றார் டி.இ. அழுத்தம் ஒத்துப்போகிறது, வேகம் ஒத்துப்போகிறது, இரண்டும் ஒரே பெரிய கட்டமைப்பின் கிளைகள், பத்தில் ஒன்பது பொருத்தம். எங்களுக்குப் பத்துக்குப் பத்து என்று சொன்ன ஜோசியருக்கு மாமா வேட்டி வாங்கிக் கொடுத்தார். சிவதாணு வீடு என்று சொன்னால் அது நாகர்கோவில் வடசேரியில் அம்மாவும் தங்கையும் இருக்கிற வீடு. நான் வீடு என்றால் அது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்திருக்கிற எதுவோ, வாடகை அறையாக இருந்தாலும். அதை அவர் உன் குவார்ட்டர்ஸ் என்பார். நாம என்று அவர் சொல்லும்போது அதில் அவருடைய அம்மா இருப்பார்கள், நான் சில சமயம் இருப்பேன். அப்படியானால் வேலை என்கிற மூன்றாவது சொல்? அதுவும் ஓர் இடம் தள்ளியிருக்கிறதா என்று பார்க்கிறேன், பொருந்தவில்லை. அவர் வேலை என்றாலும் வேலைதான், நான் வேலை என்றாலும் வேலைதான். மனிதர்களை மூன்று கம்பிக்குள் கொண்டுவர முடியாது, வீணாக இழுக்கிறேன். ஆனால் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நேராகத்தான் சுற்றியது. கோயிலுக்குப் போனோம், சினிமாவுக்குப் போனோம், பொங்கலுக்குச் சேலை எடுத்தோம். ரெண்டு பேரும் சண்டையே போடலையே, அப்புறம் என்னம்மா என்று அத்தை உண்மையாகவே புரியாமல் கேட்டார்கள். நேராகச் சுற்றுகிறது, தண்ணீர் வருகிறது.

சகாயராஜ் டீ கொண்டு வந்து வைக்கிறார். "மேடம், டி.இ. மறுபடி பேசினாரா?" "பேசினார்." "சீஃப் சர்க்யூட் ஹவுசுல இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருக்காராம். டிரைவர் சொன்னான். கேசரி வேற கேட்டாராம், சுகர் இருக்கற மனுசன்." புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறார், மடிப்புக் கோடு இன்னும் கலையவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்காரி எடுத்துக் குடுத்தா. போட்டோ எடுப்பாங்க, பழைய சட்டையோட நிக்காதீயன்னு. எரிஞ்சாலும் புதுச் சட்டையோட எரியட்டும்னு விட்டுட்டேன்" என்கிறார். "சும்மா இருங்க சகாயராஜ்." "சும்மாத்தான் மேடம் சொன்னேன். வேணும்னா நான் தள்ளி நின்னு ஒரு மூங்கிக் கம்பால தட்டி விட்டுரவா? மாட்டு வண்டிய ஓட்டற மாதிரி?" சிரிக்கிறார், சிரித்துக்கொண்டே வெளியில் பிரேக்கர் இருக்கும் பக்கம் ஒரு பார்வை போகிறது. "நீங்க போடச் சொன்னா போடுவேன் மேடம். நீங்க சொன்னா மட்டும்." இந்த மனிதர் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் உத்தரவு இல்லாமல் அவர் கைப்பிடியைத் தொட மாட்டார், அதுதான் முறை. உத்தரவு தப்பாகப் போனால் பதில் சொல்ல வேண்டியவள் நான். அதனால்தான் டி.இ. உத்தரவு போடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார், பகவதி, பகவதி என்று, என் வாயிலிருந்து அது வர வேண்டும் என்று. டீயில் சர்க்கரை அதிகம். அதைச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் போய்விட்டார்.

இந்த முறை போன்தான். "பகவதி, நான் வெளிப்படையா பேசறேன். உங்க மாறுதல் ஆர்டர் வந்து என் டேபிள்ல இருக்கு. நாகர்கோவில். வீட்டுப் பிரச்சினைன்னு நீங்க சொன்னீங்க, நானே மேல பேசி வாங்கிக் குடுத்தேன், ஞாபகம் இருக்கா?" "ஞாபகம் இருக்கு சார்." "இந்த லைன் ஏறட்டும், மறுநாளே ரிலீவ் பண்றேன்னு சொன்னேனா இல்லையா?" "சொன்னீங்க சார்." "அப்ப நீங்களும் எனக்கு ஒண்ணு செய்யணும்ல. அந்த கான்ட்ராக்டர் நேத்து இன்னிக்கு வந்தவன் இல்ல." அவர் விடுவித்தால்தான் நான் இங்கிருந்து போக முடியும். அந்த மாறுதலை நம்பித்தான் மாமா சாயங்காலம் வருகிறார். ஒரே ஊரில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும், தனிக்குடித்தனம்கூட வைக்கிறேன் என்று சிவதாணு சொல்லிவிட்டாராம். இனிமேல் தள்ளிப்போட்டால் அவர் வீட்டில் வேறு முடிவு எடுத்துவிடுவார்கள் என்று மாமா நேரடியாகச் சொல்லவில்லை, கல்யாணம் கழிஞ்சு நாலு வருஷம் ஆச்சு மக்ளே என்று மட்டும் சொன்னார். அதில் எல்லாம் இருந்தது. பார்க்கப் போனால் மிகவும் எளிது. நான் டி.இ.யிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவர் ஒரு கையெழுத்துப் போடுவார், நான் பெட்டியைக் கட்டலாம். கேபிள் அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். நூற்றில் ஒன்று தப்பாகலாம், ஆயிரத்தில் ஒன்றோ என்னவோ. அந்த ஒன்றுக்கு எதிரே மடிப்புக் கலையாத ஒரு சட்டை நிற்கிறது. "சார், புது லைன் பிரேக்கரை அளந்து பாக்காம போடச் சொல்றீங்க. அப்படித்தானே சார்?" நான் கேட்டதை முழுசாகத் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான், ஆமாம் என்று அவர் சொன்னால் உத்தரவு அவருடையதாகிவிடும். "நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்?" என்றார், குரலில் இருந்த மிட்டாயெல்லாம் போய்விட்டது. "உங்க இஷ்டம். அளந்துக்குங்க. நல்லா அளந்துக்குங்க." வைத்துவிட்டார்.

இப்போது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அந்த நிம்மதியைத் தொட்டுப் பார்க்கிறேன், அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சகாயராஜுக்கு ஒன்றும் ஆகாது என்பதற்காக வந்த நிம்மதியா இது? அப்படியென்றால் நெஞ்சுக்குள் இருந்திருக்கும், இது வயிற்றில், லீவு விட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் வயிற்றில் வருகிற மாதிரி. மாறுதல் போய்விட்டது, அதனால் நிம்மதி. நாகர்கோவில் இல்லை, வடசேரி இல்லை, பத்துக்குப் பத்து இல்லை. போகவே கூடாது என்று எனக்குள் யாரோ முன்பே முடிவு எடுத்துவிட்டு, கோலையும் முள்ளையும் சாக்காக எடுத்துக்கொண்டாளா? இல்லை. யாராக இருந்தாலும் அளந்துதான் பார்ப்பார்கள். பார்ப்பார்களா? போன வருஷம் பக்கத்து நிலையத்தில் மோட்டாரைச் சுற்றவிட்டுப் பார்த்துவிட்டுச் சேர்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை, பிரியாணி போட்டார்கள். நான் சகாயராஜுக்காகச் செய்தேன். சகாயராஜ் இல்லாமல் அங்கே ஓர் இயந்திரக் கை இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. இதைத் தெரிந்துகொள்ள ஒரு முள் இல்லை. இப்படியே போனால் ஒன்றே ஒன்றுதான் என்னைக் காப்பாற்றும், கேபிள் தப்பாக இருக்க வேண்டும். சிவப்பில் மஞ்சள் இருக்க வேண்டும். இருந்தால் நான் செய்தது அத்தனையும் நேர், எதற்காகச் செய்தேன் என்று யாரும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. தப்பாக இருக்கட்டும் கடவுளே என்று வேண்டிக்கொள்கிறேன், கைகூடச் சேர்கிறது. ஓர் ஊருக்கே மின்சாரம் கொடுக்கிற கேபிள் தப்பாக இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொள்கிற பொறியாளர் வேறு எங்காவது இருப்பாளா?

ஜீப்பும் சீஃபின் காரும் ஒன்றாக வந்தன, ஜீப் வாழைமரத்தின் கீழே நுழைய முடியாமல் ஒதுங்கி நின்றது. டி.இ. எங்கள் எல்லோரையும் தாண்டி ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்தார். லைன்மேன் காசிமாயன் கோல்களைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான், துணி சுற்றியிருந்தது, குழந்தையை ஏந்துகிற மாதிரி இறக்கி வைத்துத் துடைத்தான். "கேட் போட்டுட்டான் மேடம், கூட்ஸ் வண்டி, அது பாட்டுக்குப் போகுது போகுது, இந்த ஜில்லாவுல இருக்கற நெல்லெல்லாம் அதுலதான் போச்சுன்னு நெனைக்கறேன்." கையுறை, தலைக்கவசம், ரப்பர் விரிப்பு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், பார்க்க வேண்டியதை விட அதிக நேரம் பார்த்தேன். வெயில் நேர் உச்சியில், ஜல்லியின் சூடு செருப்பைத் தாண்டி வருகிறது. பன்னிரண்டு தாண்டிவிட்டது, டி.இ. கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் அதன் மேல் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார். இருவர் கோல்களைத் தூக்கினார்கள். முதலில் பழையதன் சிவப்பில் ஒன்று, புதியதன் மஞ்சளில் ஒன்று. முள் துள்ளிக் கடைசிக்குப் போனது. என் நெஞ்சும் கூடவே போனது, ஆனால் அது அப்படித்தான் போக வேண்டும், வேறு வேறு பெயர். இனி சிவப்பும் சிவப்பும். போ, போ என்று முள்ளைப் பார்த்துச் சொல்கிறேன், உதடு அசைகிறதோ என்னவோ, சகாயராஜ் என்னைத்தான் பார்க்கிறார். முள் கொஞ்சம் நடுங்கியது, தூக்கத்தில் புரண்ட மாதிரி, அப்படியே படுத்துவிட்டது. மஞ்சளும் மஞ்சளும், படுத்தே கிடந்தது. நீலமும் நீலமும். ஒன்றுமில்லை. கேபிள் சரியாக இருக்கிறது. முகம் கழுவியவன் முகம் கழுவியது சரிதான். "ஒண்ணுமில்ல மேடம், பெர்பெக்டு" என்று காசிமாயன் அங்கிருந்து சந்தோஷமாகக் கத்துகிறான், பந்தலில் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி. எவனோ கை தட்டினான், அவனைப் பார்த்து மற்றவர்களும். சகாயராஜ் மூச்சை விட்டார், அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

பிறகு நடந்ததெல்லாம் ஒழுங்காக நடந்தது. புது லைன் பிரேக்கரைப் போடவும் என்றேன். புது லைன் பிரேக்கரைப் போடுகிறேன் என்றார் சகாயராஜ். ஆமாம் என்றேன். கதவைச் சாத்துகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பழைய லைனின் முள் கொஞ்சம் இறங்க, புதியதன் முள் கொஞ்சம் ஏறியது, பாரத்தை ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் வாங்கிக்கொள்கிற மாதிரி. பந்தலில் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. இரண்டையும் நெடுநேரம் சேர்த்தே வைத்திருக்கக் கூடாது. எங்காவது ஒரு கோளாறு வந்தால் இரண்டு பக்கத்துப் பலமும் ஒரே இடத்தில் வந்து கொட்டும், இந்த உபகரணங்கள் தாங்காது. சேர்ப்பதே பழையதைச் சத்தமில்லாமல் விலக்கத்தான். பழைய லைன் பிரேக்கரை எடுக்கவும் என்றேன். பழைய லைன் பிரேக்கரை எடுக்கிறேன் என்றார், ஆமாம் என்றேன். எடுத்தார். ஊருக்குத் தெரியவே தெரியாது, யார் வீட்டிலும் ஒரு விளக்கு சிமிட்டவில்லை, ஆஸ்பத்திரியில், மில்லில், யாரும் தலை தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். சீஃப் சாப்பாட்டைப் பற்றி விசாரித்துவிட்டு, என்ன தாமதம் என்று பொதுவாகக் கேட்டார். டி.இ. முந்திக்கொண்டார். "நம்ம ஏ.இ. மேடம் சார். அளந்து பாக்காம போட மாட்டேன்னு ஒரே உறுதியா நின்னுட்டாங்க. ராகு காலமாவது எமகண்டமாவதுன்னுட்டாங்க." "வெரி குட்" என்றார் சீஃப், உண்மையாகவே. "இந்த மாதிரி ஆளுங்கதான் வேணும்." "அதான் சார்" என்றார் டி.இ., என்னைப் பார்த்துக் கைகூப்புகிற மாதிரி சிரித்துக்கொண்டு, "நாகர்கோவிலுக்கு மாறுதல் வந்திருக்கு சார் மேடத்துக்கு. இப்படி ஒரு ஆளை நான் எப்படி சார் விடறது? புது லைன் வேற. சப்ஸ்டிட்யூட் வரட்டும், விட்டுடறேன்னு இருக்கேன்." சப்ஸ்டிட்யூட் வேலங்குளத்துக்கு வர மாட்டான், இங்கே நிற்கிற எல்லோருக்கும் அது தெரியும். சீஃப் தலையசைத்தார். போட்டோக்காரன் கொஞ்சம் சிரிங்க மேடம் என்றான். நான் சிரித்ததாகத்தான் நினைக்கிறேன்.

கட்டுப்பாட்டு அறைக்கு வந்து உட்கார்ந்தேன். வெளியே இலை போடுகிற சத்தம். கைபேசி நடுங்கியது, மாமா. பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலே கத்துகிறார். "மக்ளே, நாங்க கோவில்பட்டி தாண்டியாச்சு. மாப்பிள்ளையும் கூட உண்டு, சன்னல் பக்கத்துல உறங்குது. உனக்கு நல்ல பழம் வாங்கியிருக்கு, செவ்வாழை. டிரான்ஸ்பர் என்னாச்சு, இண்ணைக்குச் சொல்லுவாருன்னியே?" சொல்வதற்கு நீளமாக ஒன்று இருந்தது, மோட்டார், மூன்று பிள்ளைகள், வயிற்றில் வந்த அந்த நிம்மதி, பழுதில்லாத கேபிள் தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டது. எதிலிருந்து தொடங்குவது? "வரல்லியா? விடமாட்டேங்கானா அந்த ஆளு?" என்றார் மாமா. மாமாவே வந்து கதவைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. "ஆமா மாமா" என்றேன். "விடமாட்டேங்கிறார்." "நெனச்சேன். மொதல்லேயே நெனச்சேன், அவன் குரலே சரியில்லைன்னு உங்க அம்மைகிட்டச் சொன்னேன். பொம்பளப் பிள்ளைய வச்சி இப்படி வதைக்கானே, அவன் நல்லா இருப்பானா?" மாமா திட்டத் தொடங்கினார், எனக்காக, பஸ் முழுக்கக் கேட்கும்படி. நம்பிராஜன் சாரின் பிள்ளைகுட்டி வரைக்கும் போனார். நான் குறுக்கே பேசவில்லை. சண்டை போட்டுப் பார்த்தாயா என்றார், பார்த்தேன் மாமா என்றேன், அது பொய்யும் இல்லை. பிறகு இரைச்சல், கை மாறுகிற சத்தம், தூக்கம் கலைந்த தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம். நாலு மாதமாக நான் கேட்காத குரல்.

"பகவதி" என்றார் சிவதாணு. "மாமா சொன்னாவ. நீ இதுக்காண்டி அழாதே, கேட்டியா? உனக்கு வரணும்னு ஆசை இருந்துல்லா, எனக்கு அது போதும். உன் தப்பு ஒண்ணும் இல்ல."